ட்ரெய்லரை மாட்டியதும் மைலேஜ் பாதியாவது ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். அரை டன் வகை (அமெரிக்காவில் வழக்கமான முழு அளவு பிக்கப்புக்குச் சொல்லும் பெயர்) பிக்கப், பெட்ரோல் எஞ்சின். தனியாக ஓட்டினால் நெடுஞ்சாலையில் கேலனுக்கு 20 மைல் கொடுக்கிறது. 26 அடி நீளம், சுமார் 6,000 பவுண்டு எடையுள்ள டிராவல் ட்ரெய்லரை, அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீட்டை, மாட்டிக்கொண்டு முதல் பயணம் போனதில் அது 9 மைலுக்கு இறங்கிவிட்டது. வண்டியில் ஏதாவது கோளாறா, எடை குறைந்த ட்ரெய்லராக மாற்றிக்கொள்ளலாமா, பேசாமல் டீசல் பிக்கப் வாங்கியிருக்க வேண்டுமா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இந்த அளவு ட்ரெய்லரை இழுக்கும் பெட்ரோல் பிக்கப்புகள் 8 முதல் 12 வரைதான் கொடுக்கும். நீங்கள் அந்த வரம்புக்குள் இருக்கிறீர்கள். ஆனால் எடைதான் காரணம் என்று நினைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். சமதளச் சாலையில் உங்கள் பெட்ரோலின் பெரும்பகுதியைத் தின்பது காற்று. இது புரிந்துவிட்டால் எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம் என்பது தானாகத் தெளிந்துவிடும்.

ட்ரெய்லரை மாட்டிய பிறகு ஐம்பது அடி தள்ளி முன்னால் நின்று பாருங்கள். பிக்கப்பின் கூரை தரையிலிருந்து ஆறரை அடி உயரத்துக்குள் இருக்கும். ட்ரெய்லரின் உச்சி, கூரை மேலுள்ள ஏசியையும் சேர்த்தால், பதினோரு அடியைத் தொடும். அகலம் எட்டு அடி. ஆக, பிக்கப்பின் தலைக்கு மேலே எட்டு அடி அகலத்திலும் நாலரை அடி உயரத்திலும் ஒரு சுவர் நிற்கிறது. கிட்டத்தட்ட 36 சதுர அடி. பிக்கப்பின் மொத்த முகப்பே ஏறக்குறைய அவ்வளவுதான். உங்கள் வண்டியின் கூரையில் இன்னொரு வண்டியின் முகத்தைச் செங்குத்தாக நட்டுக்கொண்டு ஓட்டுகிறீர்கள்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். கரண்ட் பில்லில் வரும் யூனிட் எல்லோருக்கும் பழக்கம் என்பதால் அதிலேயே சொல்கிறேன். ஒரு அமெரிக்க கேலன் பெட்ரோலில் சுமார் 33.7 யூனிட் ஆற்றல் இருக்கிறது. தனியாக ஓடும் பிக்கப் 65 மைல் வேகத்தில் ஒரு மைல் போக, சக்கரத்தில் ஏறக்குறைய 0.40 யூனிட் வேண்டும். ட்ரெய்லரோடு அதே வேகத்தில் ஏறக்குறைய 0.93 யூனிட். இதில் 0.68 காற்றைத் தள்ள, மிச்சம் 0.25 டயர்கள் உருள. நான் எடுத்துக்கொண்டது பிக்கப்பும் ட்ரெய்லரும் சேர்ந்து 5,200 கிலோ எடை, வழக்கமான பெட்டி வடிவம், காற்றடிக்காத நாள், மேடு பள்ளம் இல்லாத சாலை. உங்கள் வண்டிக்கு எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், விகிதம் பெரிதாக மாறாது.

வேலை இரண்டே கால் மடங்குக்கு மேல் கூடியும் மைலேஜ் பாதிக்கு மட்டுமே குறைகிறதே, அது எப்படி? பெட்ரோல் எஞ்சின் லேசான சுமையில் சோம்பேறி. எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவான த்ராட்டில் பாதி மூடியபடி இருக்கும்போது, உள்ளே காற்றை உறிஞ்சுவதற்கே அது வீணாக உழைக்கிறது. தனியாக ஓடும்போது ஒரு கேலனின் 33.7 யூனிட்டில் எட்டுதான் சக்கரத்துக்கு வந்து சேரும். ட்ரெய்லரை மாட்டினால் த்ராட்டில் நன்றாகத் திறக்கிறது, அதே கேலனிலிருந்து ஒன்பது யூனிட்டுக்குமேல் கிடைக்கிறது. எட்டை 0.40-ஆல் வகுத்தால் 20 மைல். 9.1-ஐ 0.93-ஆல் வகுத்தால் 9.8 மைல். நீங்கள் பார்த்த எண்கள் ஏறக்குறைய இவையேதான்.

மின்சார பிக்கப் வைத்திருப்பவர்கள், ட்ரெய்லரை மாட்டினால் போகும் தூரம் பாதியாகிவிடுகிறது என்று வருத்தப்படுவதும் இதனால்தான். மின்மோட்டார் லேசான சுமையிலும் சிக்கனமாக ஓடுவது. சுமை கூடும்போது மேலும் சிக்கனமாகும் அளவுக்கு அதில் இடமில்லை. ஆகவே காற்றின் பாரம் முழுவதும் நேராக பேட்டரியில் தெரிந்துவிடுகிறது.

சரி, உங்கள் கையில் உண்மையாகவே இருக்கும் ஒரே பெரிய கருவி வேகம். காற்று எதிர்க்கும் விசை வேகத்தின் இருமடிப்போடு வளரும். டயர் தடை வேகத்தால் அவ்வளவாக மாறாது. மேலே சொன்ன அதே வண்டியை 55 மைலில் ஓட்டினால் மைலுக்கு 0.74 யூனிட் போதும்; கேலனுக்கு 12 மைலுக்குமேல் வரும். 75 மைலில் ஓட்டினால் 1.15 யூனிட் கேட்கும். கேலனுக்கு எட்டு மைல்கூட வராது. 300 மைல் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 75 மைலில் போனால் நாலு மணி நேரம், 38 கேலன். 65-ல் நாலு மணி 37 நிமிடம், 31 கேலனுக்குக் கொஞ்சம் குறைவு. 55-ல் ஐந்தரை மணி நேரம், 24 கேலன் சொச்சம். 75-லிருந்து 65-க்கு இறங்கினால் 37 நிமிடம் கூடுதலாகச் செலவாகிறது, ஏழு கேலன் மிஞ்சுகிறது. பெட்ரோல் போட நிற்கும் தடவையும் ஒன்று குறையலாம். அப்படிப் பார்த்தால் அந்த 37 நிமிடத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்துவிடுகிறது.

1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974 ஜனவரியில் அமெரிக்கா முழுவதற்கும் 55 மைல் வேக வரம்பைச் சட்டமாக்கியதும் எரிபொருளை மிச்சப்படுத்தத்தான். 1995-ல் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். ஆனால் கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுப்பவர்களுக்கு இன்றும் 55 மைல்தான் வரம்பு. சாலையில் மற்றவர்கள் 75-ல் பறக்கும்போது 55-ல் ஊர்வது மனதுக்கும் கஷ்டம், பின்னால் வருபவர்களுக்கும் தொல்லை. நான் 60-லிருந்து 63-க்குள் வைத்துக்கொள்கிறேன். மைலேஜை விடுங்கள், ட்ரெய்லர் டயர்களுக்கும் இதுதான் நல்லது. ட்ரெய்லருக்கென்று செய்த டயர்களில் வேறு குறி எதுவும் இல்லாவிட்டால் 65 மைல்தான் அவற்றின் எல்லை என்பது பல காலமாக இருந்துவரும் வழக்கு. டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் வேகக் குறியைப் படித்துவிட்டு அப்புறம் வேகத்தை முடிவு செய்யுங்கள்.

வேகத்துக்கு அடுத்தபடி, சில நாட்களில் வேகத்தையும் மிஞ்சி, கணக்கில் வருவது காற்று வீசும் திசை. 65-ல் போகும்போது 15 மைல் எதிர்காற்று அடித்தால், ட்ரெய்லரின் முகத்தில் மோதுவது 80 மைல் காற்று. மேலே போட்ட கணக்கில் மைலேஜ் 9.8-லிருந்து 7.1-க்கு விழும். அதே காற்று முதுகில் தட்டினால் கேலனுக்கு கிட்டத்தட்ட 14 மைல் வரும். ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே ஓட்டுநர், போகும்போது ஏழு, வரும்போது பதினாலு. யாராவது "எனக்கு பதினாலு வருகிறது, உனக்கு ஏன் வரவில்லை" என்று கேட்டால் அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று திருப்பிக் கேளுங்கள். பக்கக்காற்றும் உதவாது. பிக்கப்புக்கும் ட்ரெய்லருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் அது புகுந்து சுழன்று ட்ரெய்லரின் முகத்தில் மோதும். அதனால் குறுக்கே அடிக்கும் காற்றிலும் மைலேஜ் இறங்கும்.

அதனால் நான் கிளம்புவது விடியற்காலையில். நிலம் சூடேற ஏறத்தான் காற்றும் எழும். சமவெளியிலும் வறண்ட மேட்டு நிலத்திலும் மதியத்துக்குமேல் நன்றாக வீச ஆரம்பித்துவிடும். ஐந்தரைக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் முகாமுக்குப் போய்ச் சேர்வது பெட்ரோலுக்கும் நல்லது, கைக்கும் தோளுக்கும் நல்லது. வயோமிங் மாநிலத்தின் தென்பகுதியில் இண்டர்ஸ்டேட் 80 காற்றுக்குப் பேர்போனது. அந்த வழியில் போவதாக இருந்தால் வானிலை அறிக்கையில் மழையைவிடக் காற்றின் வேகத்தையும் திசையையும் முதலில் பாருங்கள். ஒரு நாள் தங்கிப் போவது சில சமயம் ஒரு டாங்க் பெட்ரோலை மிச்சப்படுத்தும். பெரிய காற்றில் ட்ரெய்லர் கவிழும் ஆபத்தும் தவிரும்.

குளிர்காலத்தில் மைலேஜ் குறைவதற்கும் காற்று ஒரு காரணம். 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்றைவிட 0 டிகிரியில் இருக்கும் காற்று பத்து சதவீதத்துக்குமேல் அடர்த்தி அதிகம். அந்த அளவுக்குத் தடையும் அதிகம். டயர்கள் விறைத்திருக்கும், குளிர்காலக் கலவைப் பெட்ரோலில் ஆற்றலும் ஒரு துளி குறைவு. மாறாக, 5,000 அடி உயரத்திலுள்ள மேட்டு நிலத்தில் காற்று சுமார் 14 சதவீதம் லேசு. அங்கே சமதளத்தில் ஓட்டினால் மைலேஜ் கூடுவதைப் பார்க்கலாம். எஞ்சின் ஏதோ நன்றாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது எடைக்கு வருவோம். 1947-ல் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர் ஆல்ஃபிரெட் லெட்டூர்னர் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரெய்லர் ஒன்றைத் தன் சைக்கிளில் கட்டி இழுக்கும் படம். ட்ரெய்லர் எவ்வளவு லேசு என்று காட்டுவதற்காக எடுத்த விளம்பரம் அது. எனக்கு அதில் தெரிவது வேறொன்று. சமதளத்தில், மெதுவான வேகத்தில், சக்கரத்தின் மேல் நிற்கும் எடையை நகர்த்த மனிதனின் கால்களே போதும். ஒரு டன்னை உருட்டிக்கொண்டே இருக்க பத்துப் பதினோரு கிலோவைத் தூக்கும் அளவு விசைதான் வேண்டும். அந்த சைக்கிளையே 65 மைலில் ஓட்டச் சொல்லியிருந்தால் காற்று அவரை நகரவிட்டிருக்காது.

உங்கள் 6,000 பவுண்டு ட்ரெய்லருக்குப் பதிலாக, அதே உயரமும் அகலமும் உள்ள 4,500 பவுண்டு ட்ரெய்லரை வாங்கினால் சமதளத்தில் என்ன லாபம்? மூன்றரை சதவீதம். 9.8 மைல் 10.1 ஆகும். நன்னீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். 40 கேலன் தண்ணீர் 330 பவுண்டுக்கு மேல் வரும். அதைக் கொட்டினால் சமதளத்தில் ஒரு சதவீதம்கூட மிஞ்சாது. இறங்கும் இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால் காலியாகப் போங்கள், தவறில்லை. ஆனால் தொட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு முன்னால் இருந்தால், அதைக் காலி செய்யும்போது ஹிட்ச் (ட்ரெய்லரைப் பிக்கப்போடு மாட்டும் கொக்கி) மேல் அழுத்தும் எடையும் குறைந்துவிடும். அந்த அழுத்தம் ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். மைலேஜுக்காக இந்த எண்ணில் கைவைக்காதீர்கள்.

எடை தன் கணக்கைத் தீர்த்துக்கொள்வது மலையில். 5,200 கிலோவை 1,000 அடி உயரம் தூக்க நாலேகால் யூனிட்டுக்குமேல் வேண்டும். பெட்ரோலில் அது ஏறக்குறைய அரை கேலன். டென்வர் நகரம் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே இண்டர்ஸ்டேட் 70-ல் அறுபது மைல் போனால் ஐசனோவர் சுரங்கப்பாதை, 11,000 அடிக்கு மேலே. காற்றுக்கும் டயருக்கும் ஆகும் செலவு போக, உயரம் ஏறுவதற்கு மட்டுமே இரண்டரைக் கேலனுக்குமேல் குடித்துவிடும். ஆறு சதவீத ஏற்றத்தில் 55 மைல் வேகத்தைப் பிடித்து வைத்திருக்க 155 குதிரைத்திறன் தேவைப்படுகிறது. சமதளத்தில் ட்ரெய்லரோடு 65-ல் ஓட 81 போதும், தனி பிக்கப்புக்கு 35. டர்போ இல்லாத எஞ்சின் 1,000 அடிக்கு மூன்று சதவீதம் வீதம் வலுவிழந்துகொண்டே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சியில் அது மூச்சு வாங்குவது இயல்பு.

ஏறியதெல்லாம் இறங்கும்போது திரும்பி வந்துவிடாதா என்றால், சரிவைப் பொறுத்தது. மூன்று சதவீதச் சரிவில் புவியீர்ப்பு தரும் தள்ளல், 55 மைலில் காற்றும் டயரும் கேட்கும் விசைக்குக் கிட்டத்தட்ட சமம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், நவீன எஞ்சின்கள் அப்போது பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். ஏறும்போது போட்டது முழுவதும் கைக்கு வருகிறது. ஆறு சதவீதச் சரிவில் தள்ளல் தேவையைவிட இருமடங்கு ஆகிவிடும். மிச்சப் பாதியை எஞ்சின் பிரேக்கிலும் சக்கர பிரேக்கிலும் சூடாக்கிக் காற்றில் விட்டாக வேண்டும். ஆகவே மேடும் இறக்கமுமாக மெல்ல அலையும் சாலை மைலேஜை அவ்வளவாகக் கெடுக்காது. செங்குத்தான கணவாய்தான் கெடுக்கும். கொஞ்சம் சுற்று வழியானாலும் தணிந்த சாலை பல நேரம் லாபம்.

ஏற்றத்தில் இன்னொரு விஷயம். பெட்ரோல் எஞ்சினை முழுக்க மிதித்தால், வெளியேறும் புகையின் சூட்டைத் தணிக்க அது தேவைக்குமேல் பெட்ரோலைத் தெளிக்கும். சிறிய டர்போ எஞ்சின்களில் இது நன்றாகத் தெரியும். தனியாக ஓடும்போது பெரிய வி8-ஐவிட நல்ல மைலேஜ் கொடுத்த டர்போ வி6, ட்ரெய்லரை மாட்டியதும் அந்த வி8-க்கு அருகே வந்து நிற்பது இப்படித்தான். ஏற்றம் தொடங்கும்போதே ஐந்து பத்து மைல் வேகத்தை விட்டுக்கொடுங்கள். லாரிகளுக்கான ஓரத் தடத்தில் 50-ல் ஏறுவதில் எந்தக் குறையும் இல்லை. சில டர்போ எஞ்சின்களின் கையேடு, கனமாக இழுக்கும்போது பிரீமியம் பெட்ரோல் போடச் சொல்கிறது. அப்படி எழுதியிருந்தால் போடுங்கள். தட்டும் சத்தத்தைத் தவிர்க்க எஞ்சின் தீப்பொறியைப் பின்தள்ளும்போது வலுவும் சிக்கனமும் சேர்ந்தே போகும். எழுதவில்லை என்றால் போட வேண்டாம், பணம்தான் வீண். ஈ85 எரிபொருள் (எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோல்) ஏற்கும் வண்டி என்றால் இழுக்கும் நாட்களில் அதைத் தவிருங்கள். அதில் கேலனுக்கு ஆற்றல் குறைவு. மைலேஜ் 15 சதவீதத்திலிருந்து கால்வாசிக்கு மேல்வரை போய்விடும்.

கியர் பற்றிப் பலர் பயப்படுவது தேவையற்றது. டோ ஹால் மோடு (சுமை இழுக்கும்போது கியர் மாற்றத்தைச் சரிப்படுத்தும் அமைப்பு) போட்டால் எஞ்சின் சுற்று ஏறுகிறதே, பெட்ரோல் குடிக்குமே என்று அதை அணைத்துவிடுகிறார்கள். சுமையோடு மேல் கியரில் திணறவிட்டால் கியர்பெட்டி ஒன்பதாவது கியருக்கும் பத்தாவதுக்கும் நடுவே மாறிக்கொண்டே கிடக்கும், எஞ்சினையும் கியர்பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்டரின் பூட்டும் அடிக்கடி விடுபடும். பூட்டு விடுபட்ட நேரமெல்லாம் ஆற்றல் கியர் எண்ணெயைச் சூடாக்குவதில் கரைகிறது. 2,000, 2,200 சுற்றில் ஒரே கியரில் நிம்மதியாக ஓடுவதே சிக்கனம். வேகத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலைச் சமதளத்தில் போடுங்கள். மேடு பள்ளத்தில் எடுத்துவிட்டுக் காலால் ஓட்டுங்கள், ஏற்றத்தில் வேகம் கொஞ்சம் தொய்யட்டும், இறக்கத்தில் தானாக ஏறட்டும்.

வடிவத்தைச் சீராக்கும் சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். ட்ரெய்லரின் முன்புறம் கூர்மையாகச் சாய்ந்திருக்கிறதா என்பதைவிட, முகப்பின் பக்க விளிம்புகளும் மேல் விளிம்பும் உருண்டிருக்கின்றனவா என்பதே முக்கியம். கத்தி விளிம்பில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். உருண்ட விளிம்பில் ஒட்டிக்கொண்டு வழியும். அப்புறம் பின்புறம். தட்டையாக வெட்டி நிறுத்திய பின்சுவருக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு சுழல் உண்டாகி வண்டியைப் பின்னுக்கு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முன்னால் காற்றைத் திருப்பிவிடும் பலகையைப் பிக்கப் கூரையில் வைத்தாலும் இந்தப் பின்சுழல் அப்படியேதான் இருக்கும். அந்தப் பலகை, இடைவெளியும் உயரமும் சரியாக அமைந்தால் கொஞ்சம் உதவும், அமையாவிட்டால் தடையைக் கூட்டும். நான் வாங்கச் சொல்ல மாட்டேன். பிக்கப்பின் பின்கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால் மைலேஜ் கூடும் என்ற பழைய நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். கதவு மூடியிருக்கும்போது பிக்கப்பின் பின்புறச் சரக்குத் தொட்டிக்குள் காற்று ஒரு குமிழிபோல் சுழன்று, மேலே வரும் காற்றை வழுக்கிப் போக விடுகிறது.

ஆகவே ட்ரெய்லரை மாற்றுவதானால் எடையைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். பயணத்தின்போது மடங்கி, பிக்கப்பின் கூரைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும் பாப்-அப் வகை ட்ரெய்லர், மேலே போட்ட அதே கணக்கில் 15, 16 மைல் வரை கொடுக்கும். ஆனால் அதற்காக உள்ளே நிமிர்ந்து நடக்கும் வீட்டை இழக்க வேண்டும். குழந்தைகளோடு மழையில் மூன்று நாள் அடைபட்டிருந்தவர்களுக்கு அந்த வீட்டின் அருமை தெரியும். நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், பிடித்து வாங்கிய ட்ரெய்லரை மைலேஜுக்காக மட்டும் விற்க வேண்டாம்.

டீசல் கேள்விக்கு வருகிறேன். ஒரு கேலன் டீசலில் பெட்ரோலைவிட 13 சதவீதம் ஆற்றல் அதிகம், டீசல் எஞ்சின் அந்த ஆற்றலில் கூடுதல் பங்கைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்து உங்கள் ட்ரெய்லரை 65-ல் கேலனுக்கு 13 மைலுக்குமேல் இழுக்கும். மலையில் வித்தியாசம் இன்னும் இனிமையாக இருக்கும். ஆனால் வருடத்துக்கு நீங்கள் எத்தனை மைல் இழுக்கிறீர்கள்? 4,000 மைல் என்றால் பெட்ரோல் வண்டி 408 கேலன் குடிக்கும், டீசல் 300 சுற்றுவட்டத்தில். மிச்சம் நூற்றுச் சொச்சம் கேலன். வண்டியின் கூடுதல் விலை, டீசலின் கூடுதல் விலை, புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியாக் கரைசல், வடிகட்டிகள் எல்லாவற்றையும் அந்த நூறு கேலன் தாங்குமா என்று உங்கள் ஊர் விலையில் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 15,000 மைல் இழுப்பவருக்கு டீசல் சரி. கோடையில் மூன்று பயணம் போகிறவருக்கு இருக்கும் பெட்ரோல் வண்டியே போதும்.

உண்மையாகவே கோளாறாக இருக்கக்கூடியது ஒன்று உண்டு, அது பெரும்பாலும் பிக்கப்பில் இருப்பதில்லை, ட்ரெய்லரில் இருக்கும். எங்கள் ட்ரெய்லரை ஒரு பட்டறையில் பேரிங்குக்கு கிரீஸ் வைத்து எடுத்துவந்த பிறகு மைலேஜ் ஒரு மைலுக்குமேல் இறங்கியது. காற்று என்று நினைத்து இரண்டு பயணம் விட்டுவிட்டேன். மூன்றாவது தடவை நிறுத்திய இடத்தில் சக்கர மையங்களின் சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தபோது ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகக் கொதித்தது. பிரேக்கை இறுக்கமாகச் சரிசெய்து, உரசிக்கொண்டே ஓடும்படி விட்டிருந்தார்கள். பெட்ரோல் போனது பரவாயில்லை. அந்த பேரிங் நெடுஞ்சாலையில் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால்தான் இன்றும் பகீர் என்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாலு சக்கரத்தையும் பார்த்துவிட்டுத்தான் காபி. டயர் அழுத்தத்தைக் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். குறைந்த அழுத்தம் மைலேஜைக் கொஞ்சம் தின்னும், டயரை முழுவதாகத் தின்னும்.

மைலேஜை அளக்கும் முறையும் முக்கியம். முகப்புத் திரையில் வருவதை நம்பிவிடாதீர்கள், என் வண்டியில் அது எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லும். டாங்கை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பி, மைலைக் கேலனால் வகுங்கள். ஒரு நிரப்பலை வைத்து முடிவுக்கு வர வேண்டாம், நாலைந்து சேரட்டும். இன்னொன்று, 100 மைலுக்கு எத்தனை கேலன் என்று மாற்றிப் பார்ப்பது கண்ணைத் திறக்கும். 20-லிருந்து 18-க்கு இறங்கினால் 100 மைலுக்கு அரை கேலன்தான் கூடுதல். 10-லிருந்து 8-க்கு இறங்கினால் இரண்டரை கேலன். கேட்பதற்கு இரண்டும் அதே இரண்டு மைல்தான். ட்ரெய்லர் பின்னால் இருக்கும்போது ஒவ்வொரு மைலுக்கும் மதிப்பு அதிகம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

நிரப்பும் இடத்தையும் இந்தக் கணக்கை வைத்தே திட்டமிடுங்கள். 23 கேலன் டாங்க், எதிர்காற்றில் ஏழு மைல் என்றால் மொத்தமே 160 மைல்தான். கைவசம் வைத்திருக்க வேண்டியதைக் கழித்தால் 120. ட்ரெய்லரோடு எல்லா பங்கிலும் நுழைந்து திரும்ப முடியாது, லாரிகள் நிற்கும் பெரிய பங்காகப் பார்க்க வேண்டியிருக்கும். நான் பாதி டாங்க் காலியானதும் தேட ஆரம்பித்துவிடுவேன்.

அடுத்த பயணத்தில் ஒன்று செய்துபாருங்கள். காற்றில்லாத ஒரு காலையில், சமதளச் சாலையில், ஒரு டாங்க் முழுவதும் 62 மைலைத் தாண்டாமல் ஓட்டுங்கள். பத்தைத் தாண்டியே வரும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியும் எட்டுக்குக் கீழே வந்தால் பிக்கப்பைப் பட்டறைக்கு எடுத்துப் போகும் முன் ட்ரெய்லரின் சக்கரங்களைத் தொட்டுப் பாருங்கள். எண்களை எழுதி அனுப்பினால் சேர்ந்து பார்க்கலாம். வேகமும் அன்றைய காற்றும் சேர்த்து எழுதுங்கள், அவை இல்லாமல் மைலேஜை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.